ஒரே வகுப்பில் 36 பேர், மூன்று நிலை: நிலைக்குழுவா, கலப்புக் குழுவா, முழு வகுப்பா, தனிப் பயிற்சியா?

ஆறு, ஏழாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுப்பவர்கள் ஜூன் மாதம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. வகுப்பில் 36 பிள்ளைகள். பத்துப் பேருக்குக் கடன் வாங்கிக் கழிப்பதிலேயே தடுமாற்றம். ஏழெட்டுப் பேர் பயிற்சியைத் தாங்களாகவே முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை காதுக்கருவி போட்டிருக்கிறது. இன்னொன்றுக்குக் கரும்பலகை தெரிவதில்லை. எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மாணவரை மையமாக வையுங்கள் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியாயிற்று. திங்கட்கிழமை காலை யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது?

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒரே நிலையில் உள்ளவர்களைச் சேர்ப்பது, எல்லா நிலையும் கலந்து நால்வராகப் பிரிப்பது, முழு வகுப்புக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்து அவரவர் வழியில் போகவிடுவது, சிலரை மட்டும் தனியே அழைத்துச் சொல்லிக்கொடுப்பது. எந்த வழியிலும் வகுப்பில் ஆசிரியரின் நேரம்தான் அரிய பொருள். அதை எந்த வழி யாருக்குக் கொடுக்கிறது என்று பார்த்தால் முடிவு பாதி வந்துவிடும்.

## எதைப் பார்த்து எடைபோடுவது

முதல் அளவுகோல் அந்த நேரமே. 40 நிமிடப் பீரியடை 36 ஆல் வகுத்தால் தலைக்கு 67 விநாடிகூடத் தேறாது. வருகைப் பதிவுக்கும் வீட்டுப்பாடத்துக்கும் பத்து நிமிடம் போனால் 50 விநாடி. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அதை அப்படியே கடைப்பிடித்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

இரண்டாவது, பாடத்தின் தன்மை. சில பாடங்கள் படிக்கட்டு மாதிரி: இடமதிப்பு வராமல் கழித்தல் வராது, சமபின்னம் வராமல் பின்னக் கூட்டல் வராது. மின்சுற்று, மிதத்தல், நிழல் போன்றவை அப்படியில்லை. யாரும் எங்கிருந்தும் உள்ளே வரலாம்.

மூன்றாவது, முத்திரை. எந்த ஏற்பாடு ஒரு பிள்ளையின் நெற்றியில் 'மெல்லக் கற்பவன்' என்று எழுதிவிடுகிறது? நான்காவது, பார்க்கவும் கேட்கவும் எட்டவும் முடிகிறதா என்பது. ஐந்தாவது, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்பது. கடைசி அளவுகோலை யாரும் வெளியே சொல்வதில்லை. ஆனால் பெரும்பாலான நல்ல முறைகள் ஆகஸ்டிலேயே நின்றுபோவது இதனால்தான்.

## எதைத் தேர்ந்தாலும் முன்னால் ஒரு தாள்

பத்து நிமிடத்தில் மூன்று கேள்வி: 402 − 178 எவ்வளவு? 1/3, 1/4 இரண்டில் எது பெரியது? 2/3 + 1/4 எவ்வளவு? சரியா தவறா என்று மட்டும் குறித்தால் இந்தத் தாள் வீண். விடைகளைத் தவறின் வகைப்படி அடுக்குங்கள்.

முதல் கணக்கின் விடை 224. 376 என்று எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. அதற்குக் கடன் வாங்குவது என்றால் என்ன என்றே தெரியாது. 324 எழுதிய பிள்ளை கடன் வாங்கியது, ஆனால் நூறிடத்து 4 ஐ 3 ஆகக் குறைக்க மறந்தது. 234 எழுதிய பிள்ளை நூறிலிருந்து வாங்கிய பத்தை அப்படியே வைத்துக்கொண்டது. அதில் ஒன்று ஒன்றிடத்துக்குப் போய் 9 தான் மீதி என்பது விட்டுப்போயிற்று. மூவருக்கும் மதிப்பெண் பூஜ்யம். தேவைப்படும் மருந்தோ வேறு வேறு. முதலாமவருக்குக் குச்சிக் கட்டுகள், மற்ற இருவருக்கு ஐந்து நிமிடப் பேச்சு போதும்.

மூன்றாவது கணக்கில் பலர் 3/7 என்று எழுதுவார்கள். 'தவறு' என்று கோடு போடுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: 2/3 பாதியை விடப் பெரியதா? 3/7? 1/4 ஐக் கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது? இந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறவர்கள் யார், உடனே சிரிக்கிறவர்கள் யார் என்பதே குழு பிரிக்க உதவும் தகவல்.

## 1. நிலைக்குழு

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022 முதல் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது இந்த முறைதான். அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் முறையும் இதே இனம். அங்கே இதற்கென்று தனி நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நாம் அதை ஆறாம் வகுப்புப் பாடப் பீரியடுக்குள்ளேயே திணிக்கப் பார்க்கிறோம்.

படிக்கட்டுப் பாடங்களுக்கு இது மற்ற மூன்றையும் விட நல்லது. ஐந்து நிமிடம் தொடக்கம், குழுவுக்குப் பத்து நிமிடமாக முப்பது, கடைசியில் ஐந்து. 12 பேருடன் பத்து நிமிடம் என்றாலும் தலைக்கு அதே 50 விநாடிதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே சிக்கல் என்பதால் ஒருவரிடம் சொல்வது பதினொருவருக்கும் பொருந்துகிறது. லாபம் அங்கே.

பிசகுவது பெரும்பாலும் வரிசையில். பின்தங்கிய குழுவிடம் முதலில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மற்ற இரண்டு குழுவிலிருந்தும் "டீச்சர், முடிச்சாச்சு", "சார், இது புரியல" என்று ஆள் வரும். முதல் இரண்டு நிமிடத்தில் அந்த இரு குழுவுக்கும் எழுதிய வேலையைக் கொடுத்து, விடைத்தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். பக்கத்தில் மூவரைக் கேட்ட பிறகே ஆசிரியரிடம் வரலாம் என்ற விதியையும் முதல் வாரமே பழக்குங்கள். பிறகு கடைசிக் குழுவிடம் போங்கள்.

மறைவான செலவுகள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று தாள். இரண்டாவது, எந்தப் பூவின் பெயர் வைத்தாலும் எந்தக் குழு கடைசிக் குழு என்று பிள்ளைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவதுதான் மோசமானது: ஜூனில் எழுதிய பட்டியல் டிசம்பரிலும் சுவரில் தொங்கும். கழித்தலில் பின்தங்கிய பிள்ளை சமச்சீரில் முன்னால் நிற்கலாம். குழு பாடத்துக்குப் பாடம் மாற வேண்டும், இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு மேல் ஒரே குழு நீடிக்கக் கூடாது.

இதில் நடக்கும் இன்னொரு பெரிய தவறு, குறைபாட்டை நிலையாக எடுத்துக்கொள்வது. பார்வையற்ற பிள்ளை டெய்லர் சட்டம் என்ற துளைப் பலகையில் கணக்குப் போடுகிறது என்று வையுங்கள். எண்கோணத் துளைகளில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் அச்சைச் சரியான கோணத்தில் திருப்பிச் செருக வேண்டும். 402 − 178 ஐ அமைப்பதற்கே மற்றவர்கள் மூன்று கணக்கு முடிக்கும் நேரம் ஆகலாம். ஆகவே அந்தப் பிள்ளைக்குப் பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு கொடுங்கள், கடினத்தைக் குறைக்காதீர்கள். காதுக்கருவி போட்ட பிள்ளை தாமதமாகப் பதில் சொல்கிறது என்பதற்காகக் கடைசிக் குழுவில் போடுவதும் இதே பிழை.

## 2. கலப்புக் குழு

அறிவியல் செயல்பாட்டுக்கு இதற்கு இணை இல்லை. நால்வர் சேர்ந்தால் போதும். ஐவரானால் ஒருவர் வேடிக்கை பார்ப்பார், அறுவரானால் மூவர்.

எங்கே சறுக்கும்? "சேர்ந்து செய்யுங்கள்" என்று விட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சுற்றை இணைக்கும், அழகாக எழுதும் பிள்ளை நோட்டில் எழுதும், பின்தங்கிய பிள்ளை சாமான் எடுத்து வரும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அது இன்னும் சாமான்தான் எடுத்து வந்துகொண்டிருக்கும். இணைப்பவர், படம் வரைபவர், பழுது பார்ப்பவர், வகுப்புக்குச் சொல்பவர் என்று நான்கு வேலையாகப் பிரித்து ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் சுழற்றுங்கள். 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார்ந்த பள்ளிகளில், உளவியலாளர் எலியட் ஆரன்சன் கொண்டுவந்த வழி இன்னும் ஒரு படி மேலே போகிறது: பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிடுவது. அடுத்தவர் சொன்னால் ஒழியப் பாடம் முழுமையாகாது. எல்லாருக்கும் எல்லாரும் தேவைப்படுவார்கள்.

மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். பார்வையற்ற பிள்ளை உள்ள குழுவில் பல்பு எரிந்தது என்று மற்ற மூவர் சொல்லித்தான் அதற்குத் தெரியும் என்றால், அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்தும் இல்லை. பல்போடு ஒரு 3 வோல்ட் பஸ்ஸரையும் சேருங்கள், இரண்டு 1.5 வோல்ட் டார்ச் செல் போதும். இரண்டையும் பக்க இணைப்பில் கொடுக்க வேண்டும். தொடரில் கொடுத்தால் பஸ்ஸர் கத்தும், பல்பு எரியாது: பஸ்ஸரின் வழியாகப் போவது சில மில்லி ஆம்பியர்தான், டார்ச் பல்புக்கு 200 முதல் 300 மில்லி ஆம்பியர் வேண்டும். (இதையே முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் கேள்வியாக விடலாம்.) பஸ்ஸருக்கு நேர், எதிர் முனை உண்டு, நேர்முனைக் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் விரல் கண்டுபிடித்துக்கொள்ளும். காது கேளாத பிள்ளைக்கு அதே சுற்றில் பல்பு இருக்கிறது. ஒரே சாமான், இரண்டு பேருக்கும் வழி.

பல்புக்குப் பதில் எல்.இ.டி. வாங்கிவிட்டால் இன்னொரு சிக்கல். ஒரு செல்லில் அது எரியாது, சிவப்புக்கே ஏறக்குறைய 2 வோல்ட் தேவை. இரண்டு செல்லில் எரியும், ஆனால் 47 அல்லது 100 ஓம் தடையைத் தொடரில் வைக்காவிட்டால் சீக்கிரம் போய்விடும். சுற்று வேலை செய்யவில்லை என்று வரும் குழுக்களில் பெரும்பாலானவை கம்பியின் மேலுறையைச் சுரண்டாதவை. ஓடிப்போய்ச் சரிசெய்யாதீர்கள். "பழுது பார்ப்பவர் யார்? எந்த இணைப்பைத் தொட்டுப் பார்த்தாய்?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போங்கள். இந்த முறையில் ஆசிரியரின் நேரம் போகவேண்டியது இத்தகைய கேள்விகளுக்கு.

திரவ அளவீட்டிலும் இப்படித்தான். அளவு உருளையில் பிறைத்தளத்தை (திரவத்தின் வளைந்த மேற்பரப்பை) கண்ணால் படிக்க முடியாத பிள்ளைக்கு 10 மில்லி சிரிஞ்ச். உந்துதண்டில் 5 மில்லிக்கு ஒரு வெட்டுப் போட்டு வைத்தால் நகம் நின்றுவிடும்.

மறைவான செலவு இரண்டு. ஒன்று இரைச்சல்: ஒன்பது குழுக்கள் ஒரே நேரத்தில் பேசினால் காதுக்கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெருக்கும். அந்தக் குழுவைச் சுவர் ஓரமாக, முடிந்தால் வராந்தாவில் உட்கார வையுங்கள். சொல்லிக்கொண்டே செய்து காட்டாதீர்கள். உதட்டையும் சாமானையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. இன்னொன்று, கெட்டிக்காரப் பிள்ளை சம்பளமில்லாத ஆசிரியராகிவிடுவது. சொல்லிக்கொடுப்பதில் அதுவும் கற்கும், உண்மைதான். வருஷம் முழுக்க அதையே செய்தால் அதன் பங்குக் கணக்கை யார் கொடுப்பது? பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

## 3. முழு வகுப்பு, ஒரே கேள்வி, பல வாசல்

பின்னத்துக்கு 24 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் சார்ட் பட்டைகள் வெட்டுங்கள். 24 ஏன்? 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். முழுப் பட்டை ஒன்று, மற்ற ஆறும் அந்தந்தப் பங்காக வெட்டியவை என ஒரு தொகுப்புக்கு ஏழு பட்டை. ஒரு முழுச் சார்ட்டில் ஆறு தொகுப்பு வரும். ஐந்தில் ஒன்று இதில் வராது, அதற்கு 30 செ.மீ. பட்டை தனியே வேண்டும். வட்டம் வேண்டாம், மூன்று சம பங்காக வட்டத்தை வெட்டப் பிள்ளைகளால் முடியாது, வெட்டிய பிழை கணக்கின் பிழையாகத் தெரியும். பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்கு ஓரங்களில் தடித்த கறுப்பு ஸ்கெட்ச், பார்வையற்ற பிள்ளைக்குப் பங்கின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குண்டூசியால் பின்புறமிருந்து குத்திய புள்ளிகள்.

கேள்வி ஒன்றுதான்: துண்டுகளைச் சேர்த்து 22 செ.மீ., அதாவது 11/12, கொண்டுவாருங்கள். எத்தனை வழி? கழித்தலில் தடுமாறும் பிள்ளையும் துண்டுகளை வைத்துப் பார்த்து 1/2 + 5/12 ஐக் கண்டுபிடிக்கும். நடுவில் உள்ளவர்கள் 2/3 + 1/4, 3/4 + 1/6 என்று போவார்கள். முடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பவர்களுக்கு: மூன்றே துண்டில் வருமா? வரும், 1/2 + 1/4 + 1/6. இரண்டே துண்டில்? வராது. இரண்டு அரைகள் சேர்ந்தால் 24 ஆகிவிடும், அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் 20 தான், நடுவில் எதுவும் இல்லை. அதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்லும்போது அது கணித நிரூபணம்.

ஆசிரியர் இங்கே செய்வது கண்காணித்துக்கொண்டு சுற்றிவருவதும், யார் எந்த வரிசையில் வகுப்புக்குச் சொல்லவேண்டும் என்று முடிவுசெய்வதும். எளிய வழி முதலில், வித்தியாசமான வழி கடைசியில். கேள்வி கேட்டுவிட்டுக் குறைந்தது மூன்று விநாடி பொறுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்றாக்கினால் விடைகள் நீள்கின்றன, அதிகம் பேர் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். மூன்று விநாடி என்பது வகுப்பில் நின்று பார்த்தால் யுகமாகத் தெரியும்.

இதன் செலவு, நல்ல கேள்வி கிடைப்பது. மாதம் இரண்டு உருவாக்கினாலே பெரிது. மணி அடித்துக் கடைசி உரையாடல் வெட்டுப்பட்டால் பட்டை விளையாடியது மட்டும் மிஞ்சும்; அதனால் 25ஆவது நிமிடத்தில் கையை நிறுத்தச் சொல்லுங்கள். கை வேகம் வர வேண்டிய பயிற்சிக் கணக்குகளுக்கு இது உதவாது.

## 4. தனிப் பயிற்சி

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரோ நீங்களோ ஓரிருவரைத் தனியே அழைத்துச் செய்வது. பிரெய்ல், டெய்லர் சட்டம், அபாகஸ் ஆகியவற்றுக்கு இது தவிர வேறு வழியில்லை. பாடத்துக்கு முதல் நாள் 'பகுதி', 'தொகுதி', 'மின்கடத்தி' போன்ற சொற்களைக் காது கேளாத பிள்ளைக்குப் பொருளைக் காட்டி அறிமுகப்படுத்துவதற்கும் நல்லது. பாடம் முடிந்த பின் திரும்பச் சொல்வதை விட, முன்னாலே சொல்வது மேல்: மறுநாள் அந்தப் பிள்ளை கையைத் தூக்கும்.

அறிவியல் பீரியடில் அழைத்துக்கொண்டு போவதுதான் இதன் பெரிய கேடு. சுற்று இணைத்த நாளில் பிள்ளை அடுத்த அறையில் இருந்தது என்றால் அது எந்தக் கணக்கிலும் சேர்த்தியில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மற்றவர்களோடு சேர்ந்து படிப்பதைத்தான் வலியுறுத்துகிறது.

## ஒரே பார்வையில்

| | நிலைக்குழு | கலப்புக் குழு | ஒரே கேள்வி | தனிப் பயிற்சி |
|---|---|---|---|---|
| ஆசிரியர் நேரம் | குழுவுக்குப் 10 நிமிடம் | மேசைக்கு 2, 3 நிமிடம் | பாதி சுற்றி வருதல், பாதி உரையாடல் | ஓரிருவருக்கே முழுதும் |
| பொருந்துவது | கழித்தல், சமபின்னம், அலகு மாற்றம் | சோதனைகள், அளவீடு | புதுக் கருத்தின் முதல் நாள் | கருவிப் பழக்கம், முன்கூட்டிய சொற்கள் |
| முத்திரை | அதிகம் | குறைவு, வேலை சுழன்றால் | மிகக் குறைவு | அதிகம் |
| இரைச்சல் | நடுத்தரம் | அதிகம் | குறைவு | இல்லை |
| தயாரிப்பு | பாடத்துக்கு மூன்று தாள் | சாமான், ஒருமுறை | கேள்வி யோசிக்க ஒரு மாலை | ஆளைப் பொறுத்து |

## பின்னத்துக்குப் பத்துப் பீரியட்

நான்கில் ஒன்றை வருஷம் முழுக்கப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. முதல் பீரியட் அந்த மூன்று கேள்வித் தாள். இரண்டும் மூன்றும் முழு வகுப்பாகப் பட்டை வேலை. நான்கு முதல் ஏழு வரை, தாளில் கண்ட தவறின் வகைப்படி நிலைக்குழு. எட்டும் ஒன்பதும் கலப்புக் குழு: அளவு உருளையில், சிரிஞ்சில், நாடாவில் பின்னங்களை அளந்து பார்ப்பது. வகுப்பில் 45க்கு மேல் இருந்தால் நிலைக்குழுவை மூன்றுக்குப் பதில் இரண்டாக்குங்கள். பத்து நிமிடம் என்பது அதற்கு மேல் குறைந்தால் உட்கார்ந்து எழுவதிலேயே போய்விடும். பத்தே பேர் உள்ள சிற்றூர்ப் பள்ளியில் குழுவே வேண்டாம், ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும்.

பத்தாவது பீரியட் அதே தாள், எண்களை மட்டும் மாற்றி: 503 − 267. விடை 236. ஜூனில் 324 எழுதிய பிள்ளை இப்போது 236 எழுதினால் குழுவை மாற்றுங்கள். 376 எழுதிய பிள்ளை இப்போது 364 எழுதினால் அது அதே தவறுதான், எண் மட்டும் வேறு. அதற்கு இன்னும் பத்துக் கணக்குக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. ஐந்து நூறு கட்டும் மூன்று ஒற்றைக் குச்சியும் மேசையில் வைத்து, நூறு கட்டு ஒன்றைப் பிரித்துப் பத்துப் பத்தாக அதன் கையாலேயே கட்டச் சொல்லுங்கள்.